கதிரவனுக்குக் கிழக்கே, நிலவுக்கு மேற்கே: ஓவியர் கை நீல்சனின் வாழ்வும் கலையும்

அலாவுதீனின் விளக்கையும், செம்படவன் வலையில் அகப்பட்ட குடத்தையும், அக்குடத்தினின்று புகையாய் எழுந்து வானளாவ நின்ற ஜின்னையும் பற்றிக் கேளாது வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே மிகச் சிலரே. பாட்டிமார் வாய்மொழியாகவும், பின்னர்ச் சிறுவர் நூல்களாகவும் நம் இல்லங்களுக்குள் வந்து சேர்ந்தவை ஆயிரத்தொரு இரவுக் கதைகள். அரபு நாட்டிற்கும் பாரசீகத்திற்கும் இந்தியாவிற்கும் உரிய கதைமரபுகள் ஒன்றோடொன்று கலந்து விளைந்த அக்கதைக் கடல், உலகின் பல மொழிகளிலும் பாய்ந்துள்ளது. எழுத்தாளர்களை மட்டுமன்றி ஓவியர்களையும் அது ஆட்கொண்டுள்ளது.

அவ்வாறு ஆட்கொள்ளப்பட்டவருள் ஒருவர் டென்மார்க்கு நாட்டு ஓவியர் கை நீல்சன். அவர் 1918 முதல் 1922 வரை அக்கதைகளுக்கெனத் தீட்டிய ஓவியங்கள் அவர்தம் கலையின் சிகரம் எனக் கருதத்தக்கவை. எனினும் அவை அவர் உயிரோடிருந்த காலத்தில் நூலாக வெளிவரவில்லை. தீட்டி முடித்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, ஓவியரும் அவர்தம் மனைவியும் மண்ணுள் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே, அவை அச்சேறின. ஒரு கலைஞனின் உழைப்பு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு மறக்கப்படுகிறது, எவரால் காக்கப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் இவர்தம் வாழ்வு விடை பகர்கின்றது. ஆதலின் அவ்வாழ்வை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

அவர் பெயரை ஆங்கில எழுத்தின் வழியே படிப்போர் 'கே' என்பர். டேனிய நாவில் அது 'கை' என்றே ஒலிக்கும். தமிழர்க்கு இவ்வொலிப்பு இனிமையானது. ஓவியனுக்குக் கையினும் பொருத்தமான பெயர் வேறு ஏது?

நாடக மேடையின் நிழலில்

கை நீல்சன் 1886-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். தந்தையார் மார்ட்டினியஸ் நீல்சன் நடிகர். நகரின் புகழ்பெற்ற டாக்மார் அரங்கை நெறிப்படுத்தியவர். தாயார் ஓடா நீல்சன், அக்காலத்து டேனிய மேடையில் நடிப்பாலும் பாட்டாலும் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்த பெருங்கலைஞர். நார்வே நாட்டு நாடகப் பேராசான் இப்சன், இசைமேதை கிரீக் முதலியோர் வந்து செல்லும் இல்லமாக அவர்தம் இல்லம் விளங்கியது. பிறர் நூலில் படித்தறியும் பெரியோரைத் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கக் கண்டு வளர்ந்தார் சிறுவர் நீல்சன்.

தாயார் வடபுலத்துப் பழங்கதைகளைப் படித்துக் காட்டுவார். மகன் கேட்டுக்கொண்டே அக்கதைமாந்தரைத் தாளில் வரைவார். எனினும் ஓவியனாக வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்குத் தொடக்கத்தில் இல்லை. மருத்துவராக வேண்டும் என்றே விரும்பினார். பதினேழு பதினெட்டு அகவையில் அவ்வெண்ணம் மாறியது. 1904-இல் ஓவியம் பயிலப் பாரிசு நகருக்குப் புறப்பட்டார்.

பெற்றோர் இருவரும் மேடைக் கலைஞர் என்பதை மறவாது அவர்தம் ஓவியங்களைப் பார்த்தல் வேண்டும். அவற்றுள் ஒவ்வொன்றும் திரை விலகிய ஒரு மேடையாகவே காட்சி தரும். மாந்தர் நின்ற நிலையில், ஆடை மடிப்புகள் அலையலையாய்ப் படர, ஒரு முக்கியக் கணத்தில் உறைந்து நிற்பர். பின்புலத்தில் வானமோ காடோ ஒரு திரைச்சீலை போல் விரிந்திருக்கும். மேடையின் ஒளியும் இருளும் அவர் குருதியிலேயே ஊறியவை எனலாம்.

பாரிசில் பயின்ற இருள்

பாரிசில் ஜூலியன், கொலரோசி என்னும் ஓவியப் பள்ளிகளில் 1911 வரை அவர் பயின்றார். பயிற்சி மனித உருவத்தை நேரிற்கண்டு வரையும் மரபு சார்ந்தது. அவர் மனமோ வேறோர் உலகில் உலவியது. இங்கிலாந்தில் இருபத்தைந்தே அகவையில் 1898-இல் மறைந்த ஆப்ரி பியர்ட்சுலியின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் அவரை ஈர்த்தன. ஒக்குசாய், ஹிரோஷிகே முதலிய சப்பானிய ஓவியர்தம் மரக்கட்டை அச்சுகளும் அவரை ஆட்கொண்டன. இவ்விரு மரபுகளிலிருந்தும் அவர் கற்ற பாடம் ஒன்றே. தாளில் வரையாது விட்ட வெற்றிடமும் ஓவியத்தின் உறுப்பே என்பது அது.

இளமையில் அவர் தீட்டிய கறுப்பு வெள்ளை ஓவியத் தொகுதி ஒன்றிற்குச் 'சாவின் நூல்' எனப் பெயரிட்டார். பியரோ என்னும் வெள்ளுடைக் கோமாளி ஒரு பெண்ணை நேசிக்கிறான். அவளைச் சாவு கவர்ந்து செல்கிறது. அவன் துயரைப் பல தாள்களில் தொடர்ந்து காண்கிறோம். 1912-இல் லண்டன் மாநகரில் டவுடெசுவெல் கலைக்கூடத்தில் நிகழ்ந்த அவர்தம் முதற் கண்காட்சியில் இத்தொகுதி இடம்பெற்றது.

ஐரோப்பியக் கலையில் 'கோதிக்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வான் நோக்கி உயர்ந்த கூர்நுனி வளைவுகளையுடைய இடைக்காலத் தேவாலயக் கட்டடக் கலை ஒன்று. பாழடைந்த கோட்டை, நள்ளிரவு, ஆவி, அச்சம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றிய கதைமரபு மற்றொன்று. நீல்சனிடம் இரண்டும் உண்டு. அவர் வரையும் மரங்கள் தேவாலயத் தூண்கள் போல் நெடிது உயரும். அவற்றிடையே இருள் உறைந்திருக்கும். ஆனால் அவ்விருளின் நடுவே பூவேலை செய்த ஓர் ஆடை, நட்சத்திரம் தூவிய ஒரு வானம், மணிகோத்தாற்போன்ற ஒரு விளிம்பணி மிளிரும். அச்சமும் அழகும் ஒரே தாளில் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கும். இதுவே அவர்தம் தனித்தன்மை.

பரிசு நூல்களின் பொற்காலம்

நீல்சன் லண்டனை அடைந்த காலம் ஓவிய நூல்களுக்கு உகந்த காலம். வண்ண அச்சுக்கலை வளர்ந்திருந்தது. ஆண்டு இறுதிப் பண்டிகைக் காலத்தில் செல்வர் தம் இல்லத்தார்க்குப் பரிசளிக்கவென்றே உயர்ந்த தாளில், பொன்னெழுத்து பொறித்த கட்டமைப்பில், வண்ண ஓவியங்களை ஒட்டிய நூல்கள் வெளிவந்தன. ஆர்தர் ராக்கம், எட்மண்டு டூலாக் ஆகியோர் அத்துறையில் கோலோச்சினர். ஆயிரத்தொரு இரவுக் கதைகளுக்கு டூலாக் தீட்டிய ஓவியங்களோடு 1907-இல் வெளிவந்த நூல் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது.

அவ்விருவர் வரிசையில் மூன்றாமவராக நீல்சன் வந்து சேர்ந்தார். 1913-இல் பழம் பிரெஞ்சுக் கதைகள் முதலியவற்றைக் கொண்ட ஒரு தொகுப்பிற்கு ஓவியம் தீட்டினார். அதன் மாந்தர் பட்டாடையும் உயர்ந்த முடியலங்காரமும் பூண்ட அரண்மனை வாசிகள். ஓவியமும் அதற்கேற்ப மென்மையும் ஒப்பனையும் மிக்கது. அடுத்த ஆண்டு வெளிவந்ததே அவர் பெயரை நிலைநாட்டிய நூல். 'கதிரவனுக்குக் கிழக்கே, நிலவுக்கு மேற்கே' என்னும் பொருள்படும் தலைப்பில், ஆஸ்பியோர்ன்சன், மோ என்னும் இருவர் நார்வே நாட்டு மக்களிடம் கேட்டுத் தொகுத்த நாட்டார் கதைகளிலிருந்து தெரிந்தெடுத்த தொகுப்பு அது. 1914-இல் ஹாடர் அண்டு ஸ்டவ்டன் நிறுவனத்தார் வெளியிட்ட அந்நூலில் இருபத்தைந்து வண்ண ஓவியங்கள் உள்ளன.

தலைப்புக் கதையை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. வறிய குடியானவன் ஒருவனின் மகளை வெண்கரடி ஒன்று கேட்டு வருகிறது. குடும்பத்தின் வறுமை நீங்கும் என்பதால் அவள் இசைந்து, அதன் முதுகில் ஏறித் தொலைதூர மாளிகைக்குச் செல்கிறாள். பகலில் கரடியாய் இருப்பவன் இரவில் விளக்கணைந்த பின் மனிதனாய் மாறுகிறான். அவன் முகத்தை அவள் காணலாகாது. ஒருநாள் ஐயம் மேலிட, மெழுகுத்திரி ஏற்றி அவன் முகத்தைக் காண்கிறாள். அழகிய இளவரசன்! குனிந்த வேளையில் மூன்று சொட்டு மெழுகு அவன் சட்டையில் சிந்துகிறது. அவன் விழிக்கிறான். ஓராண்டு பொறுத்திருந்தால் தன்மேல் இருந்த மாயம் நீங்கியிருக்கும் என்றும், இனித் தான் கதிரவனுக்குக் கிழக்கே, நிலவுக்கு மேற்கே உள்ள கோட்டைக்குச் சென்று அரக்கியை மணக்கவேண்டும் என்றும் அவன் கூறுகிறான். பொழுது விடிகையில் மாளிகையும் இல்லை, இளவரசனும் இல்லை. அடர்ந்த இருட்காட்டின் நடுவே ஒரு சிறு பசும்புல் திட்டில் அவள் தனித்துக் கிடக்கிறாள்.

இக்கதையில் நீல்சன் தெரிந்தெடுத்த கணங்களுள் ஒன்று இக்காட்சியே. மேலே மரங்கள் ஓங்கி நிற்கின்றன. கீழே சின்னஞ்சிறு உருவமாய் அப்பெண். கதையாசிரியன் இரண்டு வரியில் கடந்து செல்லும் கைவிடப்பட்ட தனிமையை ஓவியர் ஒரு முழுத்தாளில் நிறுத்திக் காட்டுகிறார். அவள் அழுகிறாள் என்று காட்ட அவர்க்கு முகபாவம் வேண்டியதில்லை. மரத்தின் உயரமும் பெண்ணின் சிறுமையும் போதும். மற்றொரு தாளில் வடகாற்று ஒரு பேருருவ மனிதனாகிக் கடலின் மீது பாய்ந்து செல்கிறது. அலைகளில் சப்பானிய ஓவியத்தின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. கதையோ நார்வே நாட்டுடையது. வேற்று மரபிலிருந்து கொண்டதைத் தன் மண்ணின் கதைக்கு ஊனமின்றிப் பொருத்திக் காட்டிய திறம் இளங்கலைஞர் கற்கத்தக்கது.

போர் மூடிய கதவு

அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. ஓவியரின் அகவை அப்போது இருபத்தெட்டு. புகழின் வாயில் திறந்த வேளையில் அக்கதவு மெல்ல மூடத் தொடங்கியது. தாளுக்கு முடை, மக்கள் மனத்தில் துயர், பரிசு நூல் வாங்குவோர் குறைந்தனர். 1917-இல் நியூயார்க்கு நகரில் அவர்தம் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. பின்னர் அவர் தாயகம் திரும்பினார்.

கோபன்ஹேகனில் நடிகரும் நெறியாளருமான யோஹன்னஸ் பவுல்சனுடன் இணைந்து அரச அரங்கின் நாடகங்களுக்குக் காட்சியமைப்பும் ஆடையமைப்பும் செய்தார். டேனியக் கவிஞர் ஏலன்ஷ்லேகர் இயற்றிய அலாவுதீன் நாடகமும், சிபேலியஸ் இசையமைத்து 1922-இல் அரங்கேறிய 'ஸ்கராமூஷ்' என்னும் நாடகமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கிழக்கத்தியக் கதைக்கு மேடையில் உருவம் கொடுத்த அதே ஆண்டுகளிலேதான், தம் அறையில் அமர்ந்து அவர் ஆயிரத்தொரு இரவுகளைத் தாளில் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஆயிரத்தொரு இரவுகள்

கீழைமொழிப் புலமையாளர் பேராசிரியர் ஆர்தர் கிறிஸ்டென்சன் அக்கதைகளை டேனிய மொழியில் தருவதாகவும், அந்நூலுக்கு நீல்சன் ஓவியம் தீட்டுவதாகவும் திட்டம் வகுக்கப்பட்டது. நீர்வண்ணமும் மையும் தங்கரேக்கும் கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை அவர் தீட்டி முடித்தார். ஆனால் போருக்குப் பிந்திய ஐரோப்பாவில் அத்தகைய விலையுயர்ந்த நூலை வெளியிட முதலீடு செய்வார் எவரும் முன்வரவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. ஓவியங்கள் ஓவியரிடமே தங்கின.

அவ்வோவியங்களில் ஆழ்ந்த நீலமும் சிவப்பும் பொன்னும் ஆட்சி செய்கின்றன. பாரசீகச் சிற்றோவியங்களின் நுட்பமான பூவேலை ஆடைகளிலும் விரிப்புகளிலும் படர்ந்துள்ளது. மன்னன் ஷஹரியார் முன் கதை சொல்லும் ஷஹரசாத்தைக் காண்கிறோம். அரசன் ஒவ்வோர் இரவும் ஒரு பெண்ணை மணந்து விடியலில் கொல்பவன். விடியும் பொழுதை அவள் கதையால் தள்ளிப்போடுகிறாள். அவளுக்குக் கதை என்பது பொழுதுபோக்கன்று; உயிர். தன் உயிர் மட்டுமன்று, தனக்குப்பின் வரவிருந்த பெண்கள் அனைவரின் உயிரும் அதில் தங்கியிருந்தது. பொன்னும் பூவும் இழைத்த அரண்மனையின் நடுவே சாவின் நிழல் நிற்கும் அக்கதை, அச்சத்தையும் அழகையும் இணைப்பதையே தம் கலையாகக் கொண்ட நீல்சனுக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஈண்டு ஒரு கருத்தையும் மறைக்காமல் உரைத்தல் வேண்டும். நீல்சன் தீட்டிய பாக்தாது, வரலாற்றில் அறிஞரும் நூலகங்களும் நிறைந்து விளங்கிய பாக்தாது அன்று. பாரசீகத்தையும் சீனத்தையும் சப்பானையும் ஒரு வடபுலத்தான் தன் கனவில் குழைத்துக் கண்ட நகரம் அது. மேனாட்டார் கீழைநாடுகளைத் தம் கற்பனைக்கேற்பப் புனைந்துகொண்ட முறையை எட்வர்டு சயீத் 1978-இல் வெளியிட்ட தம் நூலில் கடுமையாக ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியை அறிந்த நாம் இவ்வோவியங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் ஒன்று நினையத்தக்கது. நீல்சன் தம் நாட்டுக் கதைகளையும் அவ்வாறே வரைந்தார். அவர்தம் நார்வேயும் வரைபடத்தில் இல்லாத நார்வேதான். கிழக்கை இழிவாகவும் வடக்கை உயர்வாகவும் அவர் காட்டவில்லை. இரண்டையும் ஒரே வியப்போடு, ஒரே உழைப்போடு தீட்டினார்.

இதன்பின் 1924-இல் ஆண்டர்சன் கதைகளுக்கும், 1925-இல் கிரிம் உடன்பிறந்தாரின் கதைகளுக்கும் அவர் ஓவியம் தீட்டிய நூல்கள் வெளிவந்தன. பின்னதில் காட்டு மரங்களின் பேரிருளுக்கு நடுவே ஒளிரும் சூனியக்காரியின் சிறுவீட்டை வரைந்த ஓவியம் புகழ்பெற்றது. 1926-இல் உல்லா என்னும் மங்கையை மணந்தார். 1930-இல் வெளிவந்த ஒரு கதைத் தொகுப்போடு அவர்தம் நூலோவியப் பணி முற்றுப்பெற்றது. அப்போது அவர்க்கு நாற்பத்து நான்கு அகவையே. கை தளரவில்லை, காலம்தான் மாறிவிட்டது.

திரைப்படத்தில் ஓர் இரவும் ஒரு விடியலும்

1936-இல் பவுல்சன் கலிபோர்னியாவில் ஹாலிவுட் பௌல் என்னும் திறந்தவெளி அரங்கில் ஒரு நாடகத்தை மேடையேற்றினார். அப்பணிக்காக நீல்சன் அமெரிக்கா சென்றார். அங்கேயே தங்கி, வால்ட் டிஸ்னியின் படக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பது அகவை கடந்த ஓவியர், தனித்து ஓர் அறையில் அமர்ந்து ஒரு தாளுக்கு வாரக்கணக்கில் உழைத்துப் பழகியவர், நூற்றுக்கணக்கானோர் காலக்கெடுவிற்கு உட்பட்டு வரையும் தொழிற்கூடத்தில் புகுந்தார்.

1940-இல் வெளிவந்த 'ஃபேண்டேசியா' என்னும் படத்தின் இறுதிப் பகுதியில் அவர் கைவண்ணம் நிலைபெற்றுள்ளது. ரஷ்ய இசைமேதை முசோர்க்ஸ்கியின் இசைக்கு அமைந்த அப்பகுதியில், நள்ளிரவில் ஒரு மலையின் உச்சியே பேருருவ அரக்கனாகிச் சிறகு விரிக்கிறது. கீழுள்ள ஊரிலிருந்து ஆவிகள் எழுந்து வந்து அவனைச் சுற்றி ஆடுகின்றன. விடியலில் மணியோசை கேட்டதும் அரக்கன் ஒடுங்குகிறான். அடுத்து ஷூபர்ட்டின் இசை ஒலிக்க, விளக்கேந்தியோர் நீண்ட வரிசையாய்க் காட்டினூடே நடந்து செல்கின்றனர். மரங்கள் தேவாலய வளைவுகள் போல் அவர்கள்மேல் கவிந்து நிற்கின்றன. இருளுக்கும் ஒளிக்கும் உருவம் வகுத்தவர் ஒருவரே. அவர்தம் வாழ்நாட் கலை முழுவதும் அச்சில நிமிடங்களில் சுருங்கி நிற்கிறது என்று கூறினும் மிகையாகாது.

தம் நாட்டு ஆண்டர்சனின் 'கடற்கன்னி' கதைக்கும் அவர் அங்கே வரைவுகள் தீட்டினார். அப்படம் அப்போது எடுக்கப்படவில்லை. 1941-இல் நீல்சன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அரை நூற்றாண்டு கழித்து 1989-இல் அதே நிறுவனம் கடற்கன்னியைப் படமாக்கியபோது, பெட்டகத்தில் இருந்த நீல்சனின் வரைவுகள் வெளியே எடுக்கப்பட்டன. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது. அப்போது அவர் மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பள்ளிச் சுவரில் ஒரு வசந்தம்

வேலையிழந்த ஓவியரும் மனைவியும் வறுமையுற்றனர். கோழி வளர்த்துப் பிழைக்கவும் முயன்றனர். அரச அரங்கிற்குத் திரை தீட்டியவர், புகழ்பெற்ற நூல்களைப் படைத்தவர், கோழிக்கூண்டின் முன் நின்ற காட்சியை எண்ணுகையில் உள்ளம் கனக்கிறது. ஆனால் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பள்ளி நூலகங்களுக்குப் பொறுப்பாயிருந்த ஜாஸ்மின் பிரிட்டன் என்னும் அம்மையார் அவர்தம் ஆற்றலை உணர்ந்தார். அவர் முயற்சியால் ஒரு நடுநிலைப் பள்ளியின் நூலகச் சுவரில் 'முதல் வசந்தம்' என்னும் பெரும் ஓவியத்தைத் தீட்டும் பணி நீல்சனுக்குக் கிடைத்தது. படைப்பின் முதற்பொழுதில் விலங்கும் பறவையும் மரமும் மலரும் துளிர்த்தெழும் காட்சி அது. பல்லாண்டு உழைத்து அதனை முடித்தார். ஆனால் சில காலத்திற்குள் அக்கட்டடம் அலுவலகமாக மாற்றப்பட்டது. ஓவியம் சுவரினின்றும் அகற்றப்பட்டுச் சேதமுற்றது. மீண்டும் அவ்வம்மையாரே வாதாடி, வேறொரு பள்ளியில் அதனை நிறுவ வழிசெய்தார். சிதைந்த தம் ஓவியத்தைத் தாமே செப்பனிடும் பணியை முதியவராகிய நீல்சன் மேற்கொண்டார். முன்பு ஒருமுறை வரைந்த மலரைப் பொறுமையோடு இரண்டாம் முறையும் வரைந்தார்.

வேறொரு பள்ளியிலும், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தேவாலயச் சிற்றாலயம் ஒன்றிலும், வாஷிங்டன் மாநிலத்து விட்மன் கல்லூரியிலும் அவர் சுவரோவியங்கள் தீட்டினார். இடையே தாயகம் சென்று வாழ்வு தேடிப் பார்த்தார். அங்கும் அவரை நினைப்பாரில்லை. மீண்டும் கலிபோர்னியாவிற்கே திரும்பினார். 1957-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், தம் எழுபத்தோராம் அகவையில் இயற்கை எய்தினார். அவர் தீட்டிய சுவரோவியத்தின் முன்னிலையிலேயே, அச்சிற்றாலயத்தில் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. அடுத்த ஆண்டே உல்லாவும் மறைந்தார்.

காத்த கைகள்

உல்லா மறையுமுன் அந்த ஆயிரத்தொரு இரவு ஓவியங்களைத் தம் நண்பர்களான கவிஞர் ஹில்டகார்டு பிளானரிடமும் அவர்தம் கணவர் பிரடெரிக் மான்ஹாஃபிடமும் ஒப்படைத்திருந்தார். அக்காலத்தில் கலையுலகில் வேறு காற்று வீசியது. கதை சொல்லும் ஓவியம் பழமையானது, அலங்காரம் ஆழமற்றது என்னும் எண்ணம் மேலோங்கியிருந்தது. அமெரிக்க அருங்காட்சியகங்களை அந்நண்பர்கள் அணுகினர், எவரும் ஏற்கவில்லை. ஓவியர் பிறந்த டென்மார்க்கும் ஏற்கவில்லை. இலவசமாகக் கொடுத்தும் கொள்வாரில்லை.

இந்நிலையில் வேறு எவராயினும் அத்தாள்களைப் பரணில் எறிந்து மறந்திருப்பர். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாதுகாத்தனர். 1970-களில் பழைய கதையோவியங்கள்பால் மக்கள் நாட்டம் மீண்டும் திரும்பியது. 1977-இல் டேவிட் லார்க்கின் பதிப்பாசிரியராக இருந்து அவ்வோவியங்களை நூலாக்கினார். நண்பர் நீல்சனின் இறுதி ஆண்டுகளை நினைவுகூர்ந்து ஹில்டகார்டு அதில் எழுதினார். 2018-இல் டாஷன் பதிப்பகம் மூல ஓவியங்களினின்றும் நேரே படியெடுத்து மீண்டும் வெளியிட்டது. 2019-இல் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம் நீல்சன் ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. ஒருகாலத்தில் எந்த அருங்காட்சியகக் கதவும் திறக்கவில்லையோ, அவ்வகை அருங்காட்சியகமே பின்னாளில் அவரை வரவேற்று அமர்த்தியது.

நிறைவாக

மாணவச் செல்வங்களே! இவ்வாழ்வைப் படித்து, உழைத்தால் புகழ் உறுதி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நீல்சன் வாழ்வு அவ்வாறு கூறவில்லை. அவர் உழைத்தார்; புகழ் வந்தது; புகழ் போயிற்று; உழைப்பு மட்டும் நின்றது. வேண்டுவார் இருந்தபோது ஒரு தாளில் எத்துணை நுட்பமாகப் பூவேலை செய்தாரோ, வேண்டுவார் இல்லாதபோது பள்ளிப் பிள்ளைகளின் சுவரிலும் அத்துணை நுட்பமாகவே செய்தார். கலைஞன்பால் நாம் எதிர்பார்க்கத்தக்க நேர்மை இதனினும் பெரிது வேறில்லை.

மற்றொரு பாடம் கலைஞர் அல்லாத நம் போன்றோர்க்கு உரியது. படைக்கும் கை ஒன்று. காக்கும் கை மற்றொன்று. பெட்டியை மூடிவைத்த மனைவி, பல கதவுகளைத் தட்டிய நண்பர் இருவர், கிழித்தகற்றிய ஓவியத்திற்காக வாதாடிய நூலகர் ஆகிய இவர்கள் ஒரு கோடும் வரைந்தாரல்லர். ஆயினும் இவர்கள் இல்லையேல் இன்று நாம் அந்நீலத்தையும் பொன்னையும் காணுமாறில்லை. உங்கள் இல்லங்களிலும் பழைய பெட்டி ஒன்று இருக்கலாம். பாட்டனார் கைப்பட எழுதிய குறிப்பேடோ, எவரும் படியாத ஒரு நூலோ அதனுள் கிடக்கலாம். தூக்கி எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஷஹரசாத் கதை சொல்லி ஒவ்வோர் இரவாய் விடியலைத் தள்ளிப்போட்டாள். அவள் உருவைத் தீட்டிய ஓவியனுக்கு விடியல் வர ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதுவரை விளக்கை அணையாமல் காத்தோர்க்கு நம் நன்றி உரியதாகுக.